எதிர்ப்பொருளையும் எதிர்மறை ஆற்றலையும் குழப்பாமல் சொல்லிக்கொடுப்பது எப்படி?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் படிவம் ஐந்துக்கு இயற்பியல் டியூஷன் எடுத்தால் இந்தக் கேள்வி எப்படியும் வரும்: "சார், பொருள் காலவெளியை ஒரு பக்கம் வளைத்தால், எதிர்ப்பொருள் மறுபக்கம்தானே வளைக்கும்?" இல்லை. காலவெளி என்பது வெளியும் நேரமும் சேர்ந்த ஒன்று; எதிர்ப்பொருள் என்பது சாதாரணத் துகள்களின் அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்ட துகள்களால் ஆனது, எதிர்மறை ஆற்றல் அல்ல. ஆனால் வெறும் இல்லை எடுபடாது.

முதலில், கனமான பந்து வைத்துக் குழிந்த ரப்பர் விரிப்பாகக் காலவெளியைக் காட்டும் அந்தப் படத்தை ஓரம் கட்டுங்கள். அது வெளியை மட்டும் காட்டி நேரத்தை விட்டுவிடுகிறது. மாம்பழம் கீழே விழுவதற்கோ நேரத்தின் வளைவுதான் காரணம். பதிலுக்கு, நேரம் வளைவதைக் காட்ட கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைக் காட்டுங்கள். 452 மீட்டர் உச்சியில் ஒரு கடிகாரம், தரையில் ஒன்று என்றால், உச்சியில் இருப்பது நாளொன்றுக்குச் சுமார் 4 நானோவினாடி முந்தும். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்: ஈர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, 86,400 வினாடியால் பெருக்கினால் சரி.

அப்புறம் ஒரு வாழைப்பழத்தை மேசையில் வையுங்கள். அதிலுள்ள பொட்டாசியம்-40 எப்போதாவது ஒரு பாசிட்ரானை, அதாவது எலக்ட்ரானின் எதிர்ப்பொருளை, வெளியிடும். அது உடனே ஓர் எலக்ட்ரானோடு மோதி அழிய, தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு காமா ஒளித்துகள்கள் கிளம்பும். இங்கே நிறுத்திக் கேளுங்கள்: பாசிட்ரானின் ஆற்றல் எதிர்மறையாக இருந்தால் கூட்டினால் சுழியம்தானே, காமா எங்கிருந்து வந்தது? பிடித்துக்கொள்வார்கள். ஐன்ஸ்டைனின் 1915 சமன்பாடு ஆற்றல், உந்தம், அழுத்தம் ஆகியவற்றைத்தான் பார்க்கிறது, எதிர்ப்பொருளா என்று கேட்பதே இல்லை. 2023இல் செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு எதிர் ஹைட்ரஜனை விட்டுப் பார்த்தது. அதுவும் கீழேதான் விழுந்தது.

எதிர்மறை ஆற்றல் வேறு சங்கதி. 1948இல் டச்சு இயற்பியலாளர் காசிமிர் சொன்னது: மின்னூட்டமில்லாத இரண்டு உலோகத் தட்டுகளை மிக நெருக்கமாக வைத்தால், இடைவெளியில் உள்ள ஆற்றல் வெறும் வெற்றிடத்தைவிடக் குறைந்து எதிர்மறையாகும், தட்டுகள் ஒன்றையொன்று இழுக்கும். ஒரு மைக்ரான் இடைவெளியில் அந்த இழுப்பு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லி நியூட்டன், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆற்றல்தான் காலவெளியை எதிர்த்திசையில் வளைத்து ஒளிக்கதிர்களை விலகவைக்கக்கூடியது, அதனால்தான் 1988இல் இயற்பியலாளர்கள் மோரிஸும் தோர்னும், கடந்துபோகக்கூடிய புழுத்துளைக்கு, அதாவது காலவெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழிக்கு, இது வேண்டும் என்றார்கள். "அப்போ தட்டு செய்து புழுத்துளை திறக்கலாமா சார்?" என்று எவனாவது கேட்பான். தட்டுகளின் நிறையையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: மொத்தக் கருவியின் ஆற்றல் நேர்மறையாகவே இருக்கும், அதுவும் மற்றப் பொருள்களைப்போல ஈர்க்கத்தான் செய்யும்.