வாங்கியவர் கொடுத்த முகவரி தப்பாக இருந்தால் என்ன செய்வது?

ஆர்டர் வந்தாச்சு, பணமும் ஏறியாச்சு, லேபிள் அடிக்கப் போகும்போது பார்த்தால் வீட்டு எண்ணே இல்லை. இல்லாவிட்டால் ஊர் பெயர் ஒன்று, அஞ்சல் குறியீடு வேறு ஏதோ ஊருடையது. அதுவும் இல்லையென்றால் வாங்கியவரே பதறிப்போய்ச் செய்தி அனுப்புகிறார்: "பழைய வீட்டு முகவரி போயிடுச்சு, இந்தப் புது முகவரிக்கு அனுப்பிடுங்க ப்ளீஸ்." ஆன்லைனில் கொஞ்ச நாள் விற்றாலே இந்த மூன்றும் வந்துவிடும். எது வந்தாலும் இரண்டு விஷயங்களைச் செய்யாதீர்கள். நீங்களாக ஊகித்து முகவரியைத் திருத்தி அனுப்பாதீர்கள். செய்தியில் வந்த புது முகவரிக்கு அப்படியே அனுப்பவும் அனுப்பாதீர்கள்.

இரண்டாவதுதான் பலருக்கும் உறுத்தும். வாங்கியவரே எழுதிக் கேட்கிறார், அதில் என்ன தப்பு என்று தோன்றும். ஆனால் நாளைக்கு "பொருள் வரவில்லை" என்று அவர் புகார் போட்டால் நீங்கள் விற்கும் தளம் பார்ப்பது, ஆர்டரில் பதிவான முகவரியும் டிராக்கிங்கில் டெலிவரி ஆன இடமும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். ஈபே, எட்ஸி என்ற விற்பனைத் தளங்கள் இரண்டிலும் விற்பவருக்கான பாதுகாப்பு, அதாவது இப்படிப்பட்ட புகாரில் உங்கள் பணம் போகாமல் காக்கும் ஏற்பாடு, ஆர்டரில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் கிடைக்கும். பணம் செலுத்தும் சேவையான பேபால் இன்னும் கறார். பரிவர்த்தனை விவரப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கே அனுப்பியிருந்தாலும், வழியில் பார்சல் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டால் பாதுகாப்பு போய்விடும். ஆக உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் ஆர்டரில் பதிவான அந்த முகவரிதான், அது தப்பாகவே இருந்தாலும் சரி.

இதை வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. திருடிய கார்டில் ஆர்டர் போடுவார்கள், கார்டுக்காரரின் சொந்த முகவரியையே கொடுப்பார்கள், சரிபார்ப்பில் எல்லாம் பச்சையாகக் காட்டும். பணம் ஏறினதும் முகவரி மாற்றச் சொல்லி ஒரு செய்தி வரும். கார்டு நிறுவனங்களின் முகவரிச் சரிபார்ப்பு, கார்டுக் கணக்கில் பதிவான பில்லிங் முகவரியைத்தான் பார்க்கிறது, அதிலும் பெரும்பாலும் கதவு எண், அஞ்சல் குறியீடு போன்ற எண்களை மட்டும். பொருள் எங்கே போகிறது என்பது அதன் கவலை இல்லை. விலை கூடின பொருள், அவசர டெலிவரி, கூடவே முகவரி மாற்றம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஆனால் முகவரி மாற்றக் கேட்பவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள்தான். வீடு மாறியிருப்பார்கள், கணக்கில் பழைய முகவரி அப்படியே கிடந்திருக்கும். அதனால் பதிலில் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்.

சரி, இன்னும் அனுப்பவில்லை என்றால் வழி சுலபம்: ஆர்டரை ரத்துசெய்துவிட்டு, சரியான முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள். ஈபேயில் ரத்துசெய்யும்போது வாங்கியவரின் முகவரியில் சிக்கல் என்றே ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் 'கையிருப்பு இல்லை' என்பதை அழுத்திவிட்டால் அது உங்கள் கணக்கில் குறையாக ஏறும். மறுபடி வாங்குவதற்கு முன்னால் அவர் தன் கணக்கில் முகவரியை மாற்றிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டாவது ஆர்டரும் அதே தப்பு முகவரியோடுதான் வந்து நிற்கும். தளத்தில் ஒரு முகவரியும் பணம் செலுத்தும் கணக்கில் வேறொரு முகவரியும் இருக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, அதையும் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது என்றால், அவர் தயாரான பிறகு திரும்பப் பட்டியலிடுங்கள், நடுவில் வேறு யாராவது வாங்கிவிட்டால் அது தனித் தலைவலி.

செய்தி இப்படி இருந்தால் போதும்: "வணக்கம். ஆர்டரில் உள்ள முகவரிக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்பது தளத்தின் விதி. இந்த ஆர்டரை ரத்துசெய்து முழுப் பணத்தையும் திருப்பிவிடுகிறேன். உங்கள் கணக்கில் முகவரியை மாற்றியதும் சொல்லுங்கள், பொருளை மறுபடி பட்டியலில் போடுகிறேன்." எதுவானாலும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பேசுங்கள். போனில் பேசினால் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

ரத்துசெய்வதற்கு முன்னால் ஒன்று, முகவரி உண்மையிலேயே தப்பா என்று பாருங்கள். நமக்குப் பழக்கமில்லாத நாட்டு முகவரி வினோதமாகத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை. ஜெர்மனியில் தெருப் பெயருக்குப் பின்னால்தான் வீட்டு எண் வரும். ஜப்பானிய மொழியில் முகவரி பெரிய பகுதியில் தொடங்கி வீட்டில் போய் முடியும். தெருப் பெயருக்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாத எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருந்தால், அது பார்சலை வாங்கி வேறு நாட்டுக்கு அனுப்பித் தரும் சேவையின் வாடிக்கையாளர் எண்ணாக இருக்கலாம். சில நாடுகளில் ஈபேயே 'ஈபே' என்று தொடங்கும் ஒரு குறியீட்டை முகவரியில் சேர்க்கிறது. இவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், அந்த வரி போனால் கிடங்கில் பார்சல் யாருடையது என்றே தெரியாமல் கிடக்கும்.

சில சமயம் தப்பு வாங்கியவருடையதே அல்ல, உங்கள் எக்செல் செய்தது. ஆர்டர்களை ஒரு கோப்பாக இறக்கி அதில் திறந்தால், சுழியத்தில் தொடங்கும் குறியீடுகளை அது எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும். பாஸ்டனின் 02134 வெறும் 2134 ஆகிவிடும், டிரெஸ்டனின் 01067 வெறும் 1067 ஆகிவிடும். அந்த நெடுவரிசையை உரை என்று அமைத்துவிட்டு இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. பெயரிலோ தெருவிலோ கேள்விக்குறிகள் தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் கோப்பின் எழுத்துக் குறியாக்கக் கோளாறுதான். தளத்தில் அசல் ஆர்டரைத் திறந்து பாருங்கள், அங்கே சரியாக இருந்தால் வாங்கியவரைத் தொந்தரவு செய்யவே தேவையில்லை.

அடுக்குமாடியில் வீட்டு எண் மட்டும் விடுபட்டிருந்தால்? இங்கே நான் கொஞ்சம் இளகுவேன். தெரு, கட்டடம், குறியீடு எல்லாம் அப்படியே இருக்க, வாங்கியவர் தளத்தின் செய்தியில் எழுதிக் கொடுத்த வீட்டு எண்ணை மட்டும் சேர்ப்பதில் ஆபத்து குறைவு, பார்சல் போய்ச் சேருவது அதே கட்டடத்துக்குத்தான். ஆனாலும் விலை கூடின பொருளுக்கு இந்தச் சலுகை வேண்டாம்.

லேபிள் அடித்த பிறகு தப்பு தெரிந்தால் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். வரிசைப்படுத்தும் இயந்திரம் பார்கோடைத்தான் படிக்கும், அதன் பின்னால் இருப்பது பழைய முகவரிதான். வெளிநாட்டுப் பார்சல் என்றால் பெறுபவர் விவரம் பொருள் கிளம்பும் முன்பே மின்னணு முறையில் சுங்கத்துக்குப் போய்விடுகிறது, அட்டையில் ஒன்றும் அதில் வேறொன்றுமாக இருந்தால் நடுவழியில் சிக்கும். லேபிளை ரத்துசெய்து புதிதாக அடியுங்கள். பயன்படுத்தாத லேபிளுக்குப் பல இடங்களில் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதற்குக் கெடு உண்டு.

பார்சல் கிளம்பிவிட்டது என்றால் நிலைமையே வேறு. அஞ்சலில் போகும் பொருள் பெறுபவர் கைக்குச் சேரும்வரை அனுப்பியவருக்கே சொந்தம் என்பது சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் பொது விதி. அதனால் திரும்பப் பெறக் கேட்கும் உரிமையும் அனுப்பியவருக்குத்தான், நாட்டுச் சட்டம் இடம்கொடுக்கும் இடங்களில். வெளிநாட்டு அஞ்சலில் திரும்பப் பெறவும் முகவரி திருத்தவும் சிஎன் 17 என்று ஒரு படிவமே இருக்கிறது. தனியார் கூரியர்கள் இதையே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். என் ஆலோசனை, புது முகவரிக்குத் திருப்பிவிடாமல் உங்களிடமே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். திருப்பிவிடுவதில் வேகம் இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன பேபால் விதி அங்கேதான் கடிக்கும். வாங்கியவர் தானாகவே கூரியரிடம் பேசி மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்றால், அது அவர் முடிவு என்று எழுத்தில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அதனாலும் திரும்பி வராது, தளத்தில் விளக்கம் சொல்லவாவது உதவும்.

தப்பு முகவரியிலேயே டெலிவரி ஆகிவிட்டால், ஆர்டரில் இருந்த முகவரிக்குத்தான் அனுப்பினீர்கள் என்று காட்டும் டிராக்கிங்கைச் சேமித்து வையுங்கள். பழைய வீட்டுக்குப் போயிருந்தால் அங்கே இப்போது குடியிருப்பவர்களிடம் வாங்கியவர் போய்க் கேட்பதுதான் வேகமான வழி, கூரியரில் புகார் போடுவதற்கு நீங்கள் உதவலாம். உங்கள் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை, ஆனாலும் உங்கள் தளத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

திரும்பி வந்த பார்சலில் காரணம் ஒட்டியிருக்கும்: முகவரி போதவில்லை, ஆள் தெரியவில்லை, வீடு மாறிவிட்டார், வாங்க மறுத்தார் என்று. அதைப் படம் எடுங்கள். பொருள் கைக்கு வந்து, பிரித்துப் பார்த்து, நல்ல நிலையில் இருந்தால் பிறகுதான் பணத்தைத் திருப்புங்கள், டிராக்கிங்கில் 'திரும்பி வருகிறது' என்று தெரிந்தவுடனே அல்ல. போன கட்டணத்தையும் திரும்பி வந்த கட்டணத்தையும் கழித்துக்கொள்ளலாமா என்பது தளத்தின் விதியையும், உங்கள் விற்பனை நிபந்தனையில் முன்பே எழுதியிருக்கிறீர்களா என்பதையும் பொறுத்தது, எழுதாமல் கழித்தால் வாதத்தில் தோற்பீர்கள். அவர் மறுபடி அனுப்பச் சொன்னால் அந்தக் கட்டணத்தைத் தளத்தின் வழியாகவே வாங்குங்கள், தனியாக அனுப்பச் சொல்லி வாங்கினால் பல தளங்களில் கணக்கே முடங்கும். சொந்தக் கடைத்தளம் வைத்திருப்பவர்கள், ஆர்டர் விழுந்தவுடன் போகும் மின்னஞ்சலில் முகவரியைப் பெரிய எழுத்தில் காட்டி, "தப்பு இருந்தால் அனுப்பும் முன் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போன் எண்ணைக் கட்டாயப் புலமாக வைத்து லேபிளிலும் போட்டுவிட்டால், டெலிவரி செய்பவர் வாசலைத் தேடும்போது ஒரு அழைப்பிலேயே முடித்துக்கொள்வார்.