டவர் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றாதீர்கள்

போன மாதம் பொங்கலூர்ப் பக்கம் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அரசு தரும் உரிமம்) வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்ட வீட்டை, ஒட்டி 15 மீட்டர் டவர். உச்சியில் திசை பார்த்துத் திருப்பும் யாகி ஆண்டெனா, அதற்குக் கீழே புதிதாக வாங்கிய வானிலை நிலையம் (மழைமானி, வெப்பமானி, காற்றுமானி) மொத்தமும். "எப்படிங்ணா இருக்குது?" என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் மாட்டியதும் அச்சு அசல் இப்படியேதான். அதே பக்கம், அதே உயரம். ஒயரைக் கட்டிய டேக்கூட அதே கறுப்பு.

பேட்டரியைத் திருப்பிப் போடுவது, வெப்பமானியை ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது போன்ற தவறுகளை நான் சொல்லப்போவதில்லை. பெட்டிக்குள் வரும் தாளிலேயே அவை இருக்கின்றன. டவரும் டிரான்ஸ்மிட்டரும் பக்கத்தில் இருந்தால் வரும் வினைகளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கிடையாது.

மழைமானியை டவரில் ஏற்றுவது

மழைமானிக்குள் இருப்பது ஒரு குட்டி சீசா பலகை. ஒரு பக்கம் 0.2 மில்லிமீட்டர் மழைக்கான தண்ணீர் சேர்ந்ததும் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு கணக்கு. இதைக் கொண்டுபோய் ஆடிக் காற்றில் அதிரும் டவரில் கட்டினால், தண்ணீர் இல்லாமலே அது தலையாட்டும். பல்லடம், காங்கேயம் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழையே அபூர்வம், வெறும் காற்றுதான். என் கணக்கில் மட்டும் அந்த ஆடியில் வாரத்துக்கு இரண்டு நாள் மழை பெய்துகொண்டிருந்தது.

நிஜமான மழை வந்தாலோ நேர்மாறு. உயரத்தில் காற்று வேகம் அதிகம், துளிகள் புனலின் வாய்க்கு மேலாகவே பறந்துவிடும், கணக்கு குறையும். இந்திய வானிலைத் துறையின் மழைமானிக்கு வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. நீங்களும் கீழே இறக்குங்கள். தென்னை 15 மீட்டர் என்றால் அதிலிருந்து 30 மீட்டராவது தள்ளி வையுங்கள். வெப்பமானியும் கீழேதான், நெஞ்சு உயரத்தில், புல்தரை மேல். டவரில் ஏற வேண்டியது காற்றுமானி ஒன்றுதான். அதற்கு மட்டும் 10 மீட்டர் உயரம் வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு சொல்கிறது. மூன்றையும் ஒரே தலையில் கட்டி விற்கும் மாடல்களை நான் வாங்கச் சொல்லமாட்டேன். எந்த உயரத்தில் வைத்தாலும் இரண்டு பொய் சொல்லும்.

காற்றுமானியைக் கிழக்கே நீட்டுவது

சாளை கிழக்கே பார்த்திருக்கும், திண்ணையில் உட்கார்ந்தால் கப் சுழல்வது தெரியட்டுமே என்று கிழக்குப் பக்கம் மாட்டுவார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை நம் பக்கம் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது. உடுமலை, பூளவாடி, கேத்தனூர்ப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். கிழக்கே மாட்டினால், வருடத்தின் பெருங்காற்று முழுவதையும் டவரின் முதுகுக்குப் பின்னால் நின்று அளக்கிறீர்கள். சரி, மேற்கே மாட்டலாம் என்றால் ஐப்பசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்து அதே சிக்கல். தெற்கேயோ வடக்கேயோ நீட்டுங்கள், இரண்டு பருவத்துக்கும் ஒத்துவரும். டவரின் முகம் 30 சென்டிமீட்டர் அகலம் என்றால் கை ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது.

ஆண்டெனா சுழலும் என்பதை மறப்பது

ஒரு கப் போனது.

டவரடியில் நின்று காம்பஸ் பார்ப்பது

இத்தனை இரும்புக்குப் பக்கத்தில் போனிலிருக்கும் காம்பஸ் வடக்கு என்று எதையாவது காட்டும். நிழலைப் பாருங்கள். நம் ஊர் கிட்டத்தட்ட 77 பாகை தீர்க்கரேகையில் இருப்பதால் உச்சிப்பொழுது 12 மணிக்கு வராது, சராசரியாக 12.22, மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்னே பின்னே. அந்த நேரத்தில் டவரின் நிழல் வடக்கு தெற்காக விழும். ஒரு எச்சரிக்கை: சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரை சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். நான் ஆனியில் பார்த்து நிழல் முனைதான் வடக்கு என்று காற்றுகாட்டியைத் திருகிவிட்டு வந்தேன். அந்த ஆடி முழுக்க என் வீட்டில் மட்டும் கீழ்க்காற்று.

தனி எர்த் போடுவது

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

டவர் நட்டபோது எலக்ட்ரீசியன் அடியிலேயே குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, ஜிஐ பைப் இறக்கி, டவர் காலோடு பட்டையை முடுக்கினார். வீட்டு எர்த்தோடு இதைச் சேர்க்க வேண்டாமா என்று கேட்டேன். "அது எதுக்குங்ணா? இடி கரண்ட்டை நாமளே ஊட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தாப்பல ஆயிருமுங்க. தனி எர்த்துதானுங்க சேஃப்டி" என்றார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நானும் தலையாட்டினேன்.

அடுத்த சித்திரையில் ஒரு நாள் பொழுதோட கோடை இடி. மேகம் கட்டும்போதே ஆண்டெனா கேபிளைக் கழற்றிவிட்டேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், என்னளவில் கெட்டிக்காரன். இடி டவரில் விழவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் விழுந்தது. தென்னைக்குக் குருத்து போனது. எனக்கு வானிலை நிலையத்தின் எண்களை வீட்டுக்குள் காட்டும் திரைப்பெட்டி, அதோடு யூஎஸ்பியில் கோத்திருந்த கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரோடு கோத்திருந்த ரிக் (பேசும் ரேடியோ செட்), ரவுட்டர் எல்லாம் போயின. ரிக்கைச் சரிசெய்ய மட்டும் 38,000 ரூபாய். டவர் ஒரு கீறலில்லாமல் நின்றது.

எப்படி வந்தது? காற்றுமானியிலிருந்து இறங்கிய மெல்லிய ஒயர் வழியாக. டெலிபோன் ஒயர் தடிமன்கூட இல்லாத அதைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். சாதாரண இடி ஒன்றில் 30,000 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அது தரையில் இறங்கியதும் எல்லாத் திசையிலும் பரவுகிறது; இறங்கிய இடத்தில் மின்னழுத்தம் மிக அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. மண்ணின் தடை 100 ஓம் மீட்டர் என்றால், தென்னையிலிருந்து 40 மீட்டரில் இருந்த டவர் குழி ஏறக்குறைய 11,900 வோல்ட்டுக்கு எழும்பும். 65 மீட்டரில் இருந்த வீட்டுக் குழி 7,300 வோல்ட். இரண்டும் பூமிதான், இரண்டும் எர்த்துதான், நடுவில் 4,600 வோல்ட் வித்தியாசம். இது ஈரமான மண்ணுக்கு. சித்திரையில் காய்ந்து கிடக்கும் நம் சுக்காங்கல் நிலத்தில் தடை இன்னும் ஏறும், வித்தியாசமும் ஏறும். கோடை இடி வருவதும் மண் அப்படிக் காய்ந்து கிடக்கும்போதுதான்.

கொடுமுடியில் பரிசல் பார்த்திருப்பீர்கள். இரண்டு பரிசலைச் சேர்த்துப் பிணைத்திருந்தால் வெள்ளம் வரும்போது இரண்டும் சேர்ந்து எழும்பும், சேர்ந்து இறங்கும். தனித்தனியாக விட்டுவிட்டு நடுவில் ஒரு தையல் நூலை மட்டும் கட்டிவைத்தால் அறுவது எது? நான் கட்டிய நூல் டவரில் தொடங்கி, திரைப்பெட்டி, கம்ப்யூட்டர், ரிக் வழியாகப் போய் வீட்டு எர்த்தில் முடிந்தது.

இடி நேராக டவரில் விழுந்தால் கதை வேறு. எர்த்தின் தடை 5 ஓம்தான் என்று மீட்டர் காட்டினாலும் 30,000 ஆம்பியருக்கு ஒன்றரை லட்சம் வோல்ட். "நம்முளுது ரெண்டு ஓமுங்க" என்று பெருமை பேசுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பூமியை அசையாமல் வைக்க யாராலும் முடியாது. வீட்டில் உள்ள எல்லாமும் சேர்ந்து அசையும்படிதான் செய்ய முடியும்.

ஆகவே டவர் குழியையும் மீட்டர் பெட்டியின் எர்த் குழியையும் மண்ணுக்குள்ளேயே ஜிஐ பட்டை போட்டு இணையுங்கள். எர்த்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043-ம், இடி பாதுகாப்புக்கான ஐஎஸ்/ஐஇசி 62305-ம் இணைக்கத்தான் சொல்கின்றன. ஆண்டெனா கேபிள், ஆண்டெனாவைச் சுழற்றும் ரொட்டேட்டரின் ஒயர், சென்சார் ஒயர் எல்லாம் வீட்டுக்குள் ஒரே இடத்தில் நுழையட்டும். அந்த இடத்தில் ஒரு தாமிரத் தகடு, அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்ஜ் அரெஸ்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுவது), தகட்டிலிருந்து எர்த்துக்கு நேரான குட்டையான பட்டை. அழகுக்காகச் சுவர் மூலையில் எல்லாம் மடித்து மடித்துக் கொண்டுபோக வேண்டாம். வேகமாக ஏறும் மின்னோட்டத்துக்கு ஒவ்வொரு மீட்டர் நீளமும் ஒரு தடுப்பு, ஒயரின் பருமன் அதற்கு உதவாது. குழியில் உப்பு போடுவதும் எனக்குப் பிடிக்காது. இரண்டு மழையில் கரைந்து போகும், போகும்போது பைப்பையும் தின்றுவிட்டுப் போகும்.

இவ்வளவும் முடியாதென்றால் ஒயரே வேண்டாம். சோலார் வைத்த வயர்லெஸ் சென்சார் வாங்குங்கள். இடி விழுந்தால் சென்சாரோடு போகும்.

பொங்கலூர்த் தம்பி வீட்டில் எத்தனை குழி தெரியுமா? மூன்று. வீட்டுக்கு ஒன்று, டவருக்கு ஒன்று. மூன்றாவதைக் காட்டி, "இது ரேடியோவுக்குன்னே ஸ்பெஷலா போட்டதுங்ணா" என்றான். கொடுத்த காபியை நான் அப்படியே திண்ணையில் வைத்துவிட்டேன்.

மைக்கை அழுத்தினால் மழை

என் சென்சார் ஒயர் சரியாகப் பத்து மீட்டர் சொச்சம். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 42 மீட்டர் சொச்சம். அதில் கால்வாசி பத்தரை. அதாவது நானே என் டவரில் 40 மீட்டர் பேண்டுக்கு அளவெடுத்த இன்னொரு ஆண்டெனாவைக் கட்டி, அதன் வாலை மழைமானியின் எண்ணிக்கைச் சுற்றுக்குள் விட்டிருந்தேன். 100 வாட்டில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சாய்வு. ஒரு சாயங்காலம் மதுரைக்காரர் ஒருவரோடு அரைமணி நேரம் பேசி முடித்தபோது 18 மில்லிமீட்டர் பெய்திருந்தது. திருப்பூரில் இருக்கும் மாமா போனில் பார்த்துவிட்டு, தோட்டத்து ஆளிடம் மோட்டார் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தென்னம்பிள்ளைகள் மூன்று நாள் காய்ந்தன.

ஒயரில் ஏறும் ரேடியோ அலையைத் தடுக்க என்று கடையில் விற்கும் கிளிப் ஃபெரைட்டை ஒயர் மேல் ஒன்று கவ்வவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். ஒற்றைச் சுற்று 7 மெகாஹெர்ட்ஸில் பேருக்குத்தான். 31-ஆம் கலவை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டு முறை சுற்றுங்கள். சுற்று இரட்டித்தால் தடுப்பு நான்கு மடங்கு. திரைப்பெட்டிப் பக்கம் ஒன்று, சென்சார் பக்கம் ஒன்று. மழைமானி ஒயரின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. பத்து ரூபாய்கூட ஆகாது.

வயர்லெஸ் சென்சார் 433 மெகாஹெர்ட்ஸ் வகை என்றால் இன்னொன்று. நம் யூஹெச்எஃப் பேண்ட் 434-லேயே தொடங்குகிறது. பக்கத்தில் நின்று வாக்கிடாக்கியை அழுத்தினால் திரைப்பெட்டிக்குக் காது அடைத்துவிடும். அந்த நேரத்துக்கு எண்கள் வராது, அவ்வளவுதான்; எதுவும் எரியாது.

கூடவே வரும் அடாப்டரைப் பயன்படுத்துவது

ரிக்கில் இரைச்சல் ஏறினால் முதலில் அதைப் பிடுங்குங்கள்.

ஆள் ஏறும்போது ரிக்கை ஆன் செய்து வைப்பது

வேண்டாம். மைக் மேல் யாருடைய கையாவது படும், மேலே ஆள் இருக்கும்போதே ஆண்டெனா அலையை வீசும்.

மயிலைக் கணக்கில் எடுக்காதது

கீழே இறக்கிய மழைமானியின் மேல் மயில் ஏறி நிற்கும். நம் பக்கம் இதற்குத் தப்பியவர் யாருமில்லை. காக்காய்க்கு விற்கும் பிளாஸ்டிக் முள்ளை அது மிதித்து உடைத்துவிட்டது. இப்போது இருபதடி தள்ளி ஆளுயர மூங்கில் ஒன்று நட்டு, குறுக்கே கட்டையும் கட்டியிருக்கிறேன். பாதி நாள் அதில் உட்காருகிறது.