மில்லியனும் கோடியும்: பத்து மடங்கில் ஒளிந்துகொள்ளும் தவறு

நிதி அறிக்கைகளைத் தமிழாக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் பிரதியைத் திருத்த உட்கார்ந்தால், நாங்கள் வந்த புதிதில் அடித்த கூத்துகளே வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு மில்லியன் என்றால் 10 லட்சம், ஒரு பில்லியன் என்றால் 100 கோடி என்ற பாடத்தை இங்கே நடத்தப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் இந்த மேசைக்கு வருவதில்லை. தெரிந்தவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

அட்டவணையின் மூலையைப் படிக்காமல் விடுவது

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் காலாண்டு முடிவுகளை ஆங்கில நாளிதழோடு வட்டார மொழி நாளிதழிலும் அட்டவணையாக விளம்பரப்படுத்துவதுண்டு. அந்த அட்டவணையின் வலது மேல் மூலையில், அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ரூபாய் லட்சத்தில், ரூபாய் கோடியில் அல்லது ரூபாய் மில்லியனில். கீழே உள்ள அத்தனை எண்களுக்கும் பொருள் தருவது அந்த வரிதான். புதியவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். பல நேரம் பார்ப்பதே இல்லை.

இந்திய நிறுவனம் என்றால் கோடியில்தான் கணக்குக் காட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, 100 கோடி ரூபாயோ அதற்கு மேலோ மொத்த வருமானம் உள்ள நிறுவனம் லட்சம், மில்லியன், கோடி ஆகிய மூன்றில் எதில் வேண்டுமானாலும் காட்டலாம். இன்ஃபோசிஸ் கோடியில் காட்டுகிறது. விப்ரோ மில்லியனில் காட்டுகிறது. 2023-24 நிதியாண்டின் வருவாயை எடுத்தால், இன்ஃபோசிஸ் அறிக்கையில் 1,53,670 என்றும் விப்ரோ அறிக்கையில் 897,603 என்றும் இருக்கும். மூலையைப் பார்க்காதவருக்கு விப்ரோ ஏறக்குறைய ஆறு மடங்கு பெரிய நிறுவனம். உண்மையில் அது 89,760 கோடிதான்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. கோடியில் கணக்குக் காட்டிவந்த ஒரு நடுத்தர நிறுவனம், ஓராண்டு மில்லியனுக்கு மாறியது. எங்களிடம் வேலை பார்த்த தம்பி முந்தைய காலாண்டின் தமிழ்க் கோப்பைத் திறந்து, எண்களை மட்டும் மாற்றிவிட்டு, தலைப்பை அப்படியே விட்டுவிட்டார். 'ரூபாய் கோடியில்' என்றே விளம்பரம் வெளியாகிவிட்டது. முந்தைய ஆண்டின் எண்களும் மில்லியனாக்கப்பட்டே வந்திருந்ததால் ஒப்பீட்டில் எதுவும் இடிக்கவில்லை. கூட்டல் சரி, வளர்ச்சி விகிதம் சரி. அத்தனை எண்களும் ஒழுங்காகப் பத்து மடங்கு ஊதியிருந்தன. காலையில் நிறுவனச் செயலர் தொலைபேசியில் கூப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. திருத்த விளம்பரத்தின் செலவு எங்கள் தலையில் விழுந்தது.

பணத்தைவிட எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, அவர் உண்மையாகவே சரிபார்த்திருந்தார் என்பது. ஒவ்வோர் எண்ணையும் மூலத்தோடு வைத்துப் பார்த்து டிக் அடித்த தாள் மேசையில் கிடந்தது. மூலையில் மட்டும் டிக் இல்லை.

ஆயிரம் மடங்கு தவறினால் படிக்கிற எவருக்கும் உறுத்தும். மில்லியனுக்கும் கோடிக்கும் இடையே பத்து மடங்குதான். ஒரு நடுத்தர நிறுவனத்தின் லாபம் 45 கோடி என்றாலும் நம்புவோம், 450 கோடி என்றாலும் நம்புவோம்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பங்கு ஒன்றுக்கான வருவாய், அதாவது லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, எப்போதும் ரூபாயில்தான் இருக்கும். மூலையில் உள்ள அலகு அதைத் தொடாது. ஆனால் அட்டவணையிலேயே உள்ள மூலதனத்தை வைத்து அதைச் சோதித்தால் பயனில்லை. லாபம் 450, செலுத்தப்பட்ட மூலதனம் 300, முகமதிப்பு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலதனத்தை முகமதிப்பால் வகுத்தால் பங்குகள் 30, 450-ஐ 30-ஆல் வகுத்தால் 15 ரூபாய். மில்லியன் என்றாலும் 15, கோடி என்றாலும் 15. பங்குகளின் எண்ணிக்கையை வெளியிலிருந்து, பங்குச் சந்தையின் இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டும். அங்கே 3 கோடிப் பங்குகள் என்றிருந்தால், பங்குக்கு 15 ரூபாய் வீதம் லாபம் 45 கோடி. உங்கள் தமிழ்ப் பிரதியில் 450 கோடி என்று இருந்தால் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

பழைய கோப்பின் மேலேயே தட்டெழுதுவது

வேண்டாம்.

அலகையும் நாணயத்தையும் ஒரே மூச்சில் மாற்றுவது

கணிப்பானில் பூஜ்ஜியங்களைத் தட்டுகிறவர்தான் ஒன்றை விழுங்கிவிடுகிறார். டாலர் மதிப்பைப் பத்தால் வகுத்தால், ஒரு மில்லியன் டாலருக்கு எத்தனை கோடி ரூபாய் என்பது கிடைக்கும். டாலர் 85 ரூபாய் என்றால் 8.5 கோடி. பில்லியனுக்கு நூறால் பெருக்க வேண்டும்: 8,500 கோடி. தமிழ்நாட்டை ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக்கும் இலக்கைப் பற்றிய செய்தியில், டிரில்லியனை லட்சம் கோடியாக்கிய கையோடு டாலரையும் ரூபாயாக்கி, 'ஒரு லட்சம் கோடி ரூபாய்' என்று எழுதிய பிரதி என்னிடம் வந்திருக்கிறது. அதே 85 ரூபாய்க் கணக்கில் அது 85 லட்சம் கோடி!

லட்சம் கோடியைக் கண்டு மிரள்வது

எண் மாறாமல் பெயர் மட்டும் மாறும் இடம் இது. 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு மதிப்பீடு 50.65 லட்சம் கோடி ரூபாய், அதாவது 50.65 டிரில்லியன் ரூபாய். பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்.

இல்லாத துல்லியத்தைச் சேர்ப்பது

மூலத்தில் 'சுமார் 5 மில்லியன் டாலர்'. தமிழில் 'சுமார் 42 கோடியே 18 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்'. அன்றைய மதிப்பு 84.37 ரூபாய் என்பதால் பெருக்கல் சரிதான். ஆனால் ஐம்பதாயிரம் வரை எண்ணிவிட்ட பிறகு அங்கே 'சுமார்' எதற்கு? 'சுமார் 42 கோடி' போதும்.

காற்புள்ளியை நகர்த்துவது

நகர்த்தாதீர்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வலப்பக்கத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாக. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 72,147,030 என்று வந்தால் நமக்கு 7,21,47,030.

பழைய பிரிட்டிஷ் நூல்களின் பில்லியன்

1974-இல் பிரிட்டிஷ் அரசு மாற்றிக்கொள்ளும்வரை அங்கே அது லட்சம் கோடி. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான்.

இலங்கை வாசகருக்கு உதவ நினைப்பது

அங்குள்ள தமிழ் நாளிதழ்களில் அரசுக் கணக்குகள் மில்லியனிலும் பில்லியனிலுமே வருகின்றன. கொழும்புக்குப் போகும் பிரதியில் அவற்றைக் கோடியாக்க வேண்டாம்.