தொழிலாளர் பயிற்சியைத் திட்டமிடுவது எப்படி? நார்த்தூள் களத்திலிருந்து ஒரு செய்முறை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு போகும் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நார்த்தூள் களங்கள் உண்டு. தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைக் கழுவி, உலர்த்தி, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, மண்ணில்லாமல் செடி வளர்க்கும் வெளிநாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட களங்களில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. முதன்முறையாகப் பயிற்சிப் பொறுப்பை ஏற்பவர்களுக்காக, ஒரு களத்தில் நடந்ததை வைத்தே வழிமுறையைச் சொல்கிறேன்.

படி 1: குறையை எண்ணாக எழுதுங்கள்

"எல்லோருக்கும் தரம் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுங்கள்" என்றுதான் அந்த முதலாளி கேட்டார். இதை ஏற்றுக்கொண்டு உடனே வகுப்புக்கு நாள் குறித்துவிடாதீர்கள். என்ன கெட்டது, எங்கே கெட்டது என்று கேளுங்கள். தூளில் உப்பு அதிகம் என்று வாங்குபவர் புகார் அனுப்பியிருந்தார். உப்பு கூடினால் நீரில் மின்சாரம் எளிதாகக் கடக்கும் என்பதால், அதை மின்கடத்துதிறன் மீட்டரில் அளப்பார்கள். களத்தில் அதற்கு 'ஈசி' என்று பெயர். வாங்குபவர் கேட்டது 0.5 மில்லிசீமென்ஸுக்குள். களத்துப் பதிவேட்டிலோ எல்லா லாட்டும் அதற்குக் கீழேயே இருந்தது. ஆகவே, 'களத்து அளவும் வாங்குபவரின் அளவும் ஒத்துப்போக வேண்டும்' என்று எழுதிக்கொண்டேன். பயிற்சியின் இலக்கு அந்த ஒரு வரிதான்.

படி 2: இது பயிற்சியால் தீருமா என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். நான் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன். அந்தக் களத்தில் இரண்டு நாள் சும்மா நின்று பார்த்தேன். மீட்டரைச் சரிபார்க்க உதவும், 1.413 என்று காட்ட வேண்டிய கரைசலின் பாட்டில் காலியாக இருந்தது. அது கடையில் வாங்க வேண்டிய பொருள், வகுப்பில் வராது. அடுத்தது, அளவு கூடினால் லாட்டை மறுபடி கழுவ வேண்டும், லாரி காத்திருக்கும், மேற்பார்வையாளர் சத்தம் போடுவார். அதனால் அளவு குறையும் வரை திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து, கடைசி எண்ணை மட்டும் எழுதினார்கள். அது அறியாமை அல்ல, பயம். முதலாளியிடம் தனியாகச் சொன்னேன்: "அளவு கூடியதை எழுதுகிறவரை யாரும் திட்டக்கூடாது. அதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் நான் வகுப்பு எடுப்பேன்."

இவை இரண்டையும் கழித்தபின் மிஞ்சியது ஒன்று: பலரும் குவியலின் மேலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி அள்ளினார்கள். கற்றுக்கொடுத்தால் தீரும் குறை அதுதான்.

படி 3: நன்றாகச் செய்பவரின் கையைப் பாருங்கள்

யாருடைய அளவு வாங்குபவரின் அளவுக்கு நெருங்கி வருகிறது என்று பதிவேட்டைப் புரட்டினேன். கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஓர் அக்கா. அவர் முழங்கை வரை குவியலுக்குள் கையை விட்டு, ஐந்தாறு இடங்களில் அள்ளினார். ஏன் என்று கேட்டேன். "மேலே ஊற்றிய தண்ணீர் உப்பைக் கீழே இறக்கிவிடும் சார். அடியில் பார்க்காமல் எப்படித் தெரியும்?" என்றார்.

அள்ளியதைச் சாக்கில் கொட்டிக் கலந்தார். நான்கு கூறாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறுகள் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில்தான் ஊறவைத்தார். போர்வெல் தண்ணீர் என்றால் அதிலுள்ள உப்பும் சேர்ந்து காட்டும். இதையெல்லாம் 'என்ன செய்ய வேண்டும், அதன் சூட்சுமம் என்ன, காரணம் என்ன' என்று மூன்று நெடுவரிசைகளில் எழுதுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை விரைவாகப் பழக்க உருவான முறையிலிருந்து வந்தது இது. அந்த முறை பின்னர் ஜப்பானுக்கும் போனது.

எழுதியதை அச்சடித்துக் கொடுத்தபோது அந்த அக்கா தாளை மடித்து வைத்துக்கொண்டார். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார். பள்ளியில் படித்தது மலையாளம். எல்லை ஊர்களில் இப்படிப் பலர் உண்டு. பேச்சை வைத்து எழுத்தை முடிவு செய்யாதீர்கள். தாளுக்குப் பதிலாக அவருடைய கையையே படமெடுத்து, ஐந்து படங்கள் கொண்ட அட்டையாக மீட்டர் மேசைக்கு மேலே மாட்டினோம்.

படி 4: குவியலின் அருகிலேயே கற்றுக்கொடுங்கள்

ஒரு தடவைக்கு இருவர், இருபது நிமிடம். நீங்கள் செய்து காட்டுங்கள். பிறகு சூட்சுமத்தைச் சொல்லியபடி மறுபடி செய்யுங்கள். அடுத்து அவர் செய்யட்டும், காரணத்தை அவர் வாயாலேயே சொல்லட்டும். கை சரியாகப் போய், காரணம் வராவிட்டால் இன்னும் கற்கவில்லை என்றே பொருள். அந்த அக்காவையே கற்றுக்கொடுக்க வைத்தோம். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

படி 5: இடைவெளி விட்டுத் திரும்பக் கேளுங்கள்

படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று ஐந்து நிமிடம் செய்யச் சொல்லிப் பாருங்கள். அது போதும்.

படி 6: வேலையில் அளந்து பாருங்கள்

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் நிலைக்கு ஒரு படிவம் நிரப்பி வாங்கிக்கொண்டு நின்றுவிடுகின்றன. நாங்கள் களத்துப் பதிவேட்டில் இரண்டு நெடுவரிசைகள் கூட்டினோம். ஒன்றில் வாங்குபவர் அனுப்பும் அளவு, மற்றதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மாதந்தோறும் அந்தக் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். வித்தியாசம் குறையவில்லையா? தொழிலாளர்களை மறுபடி வகுப்புக்குக் கூப்பிடுவதற்கு முன், மீட்டர் மேசைக்குப் போய்க் கரைசல் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள்.