நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைக்கும்போது சறுக்கும் இடங்கள்

கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் மூன்றாம் நாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிடும்: "விசாகம். தி, து, தே, தோ. பொம்பிளைப் பிள்ளைக்கு நல்ல பேராச் சொல்லுங்கோ." கனடாவில் இருந்து மாமி, லண்டனில் இருந்து சித்தப்பா, வெள்ளவத்தையில் இருந்து அம்மம்மா என்று ஆளாளுக்குப் பெயர் அனுப்புவார்கள். நட்சத்திரத்துக்குரிய எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்பது வழக்கம், ஆகவே திவ்யாவா துளசியா என்று ஒரு கிழமை இழுபடும். பிள்ளை உண்மையிலேயே விசாகம்தானா என்று மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிழை அதிகம் நடப்பது அங்கேதான்.

அந்த நட்சத்திரம் பெயரோடு நின்றுவிடாது. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துத்தான் கேட்பார். கல்யாணப் பொருத்தம் வரைக்கும் அதுதான் கூட வரும். ஆகவே பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் நேரத்தைப் பார்ப்போம்.

கலண்டரில் ஏமாறுவது

சுவர்க் கலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே அச்சிட்டிருக்கும் நட்சத்திரத்தை அப்படியே எடுத்துவிடுகிறோம். வழக்கமாக அங்கே போட்டிருப்பது காலையில் சூரியன் உதிக்கும்போது நடக்கிற நட்சத்திரமும், அது முடிகிற நேரமும். "ஆயில்யம் பி.ப. 4.10 வரை" என்று இருந்தால், 4.10க்குப் பிறகு மகம் தொடங்கிவிட்டது. அன்று பின்னேரம் 6 மணிக்குப் பிறந்த பிள்ளை மகம். அந்த "வரை"யைக் கவனிக்காமல், ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதாமே என்று இல்லாத கவலையைப் படுகிறவர்களும் உண்டு.

நள்ளிரவுக்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால் குழப்பம் இரட்டிப்பு. ஆங்கிலத் தேதி இரவு 12 மணிக்கு மாறும். பஞ்சாங்க நாளோ சூரிய உதயத்தில்தான் மாறும். செவ்வாய்க்கிழமை அதிகாலை 2 மணிக்குப் பிறந்த பிள்ளைக்குத் திங்கட்கிழமை வரியைத்தான் பார்க்க வேண்டும். அந்த வரியில் "பின்னிரவு 3.20 வரை" என்று இருந்தால் அது செவ்வாய் அதிகாலை 3.20. நேரத்துக்குப் பதிலாக நாழிகை போட்டிருக்கும் பஞ்சாங்கம் என்றால் இன்னும் நிதானம் தேவை. 1 நாழிகை 24 நிமிடம், எண்ணத் தொடங்குவது உதயத்திலிருந்து. 25 நாழிகை என்றால் உதயமாகி 10 மணித்தியாலம், அதாவது பின்னேரம் 4 மணியளவு. அதை இரவு ஒரு மணி என்று வாசித்துவிட்டால் எல்லாமே பிசகும்.

பாதக் கணக்கு

ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. 27 நட்சத்திரத்துக்கும் சேர்த்து 108. பலர் ஒரு பாதத்துக்கு 6 மணித்தியாலம் என்று மனக்கணக்குப் போடுவார்கள். சந்திரன் எல்லா நாளும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சில நாள் 21 மணித்தியாலம் போதும், சில நாள் 26ஐயும் தாண்டும்.

மேலே சொன்ன மகத்தையே எடுங்கள். திங்கள் பி.ப. 4.10க்குத் தொடங்கி, செவ்வாய் பி.ப. 5.30க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 25 மணித்தியாலம் 20 நிமிடம். நான்காகப் பிரித்தால் ஒரு பாதம் 6 மணித்தியாலம் 20 நிமிடம். பிள்ளை செவ்வாய் அதிகாலை 4.40க்குப் பிறந்தால், நட்சத்திரம் தொடங்கி 12 மணித்தியாலம் 30 நிமிடம் ஆகியிருக்கும். ஆறு ஆறாகக் கணக்குப் போட்டவர் மூன்றாம் பாதம், "மு" என்பார். சரியாகப் பிரித்தால் இரண்டாம் பாதம் முடிய இன்னும் 10 நிமிடம் இருக்கிறது, எழுத்து "மி". முகுந்தனா மித்திரனா என்பது அந்த 10 நிமிடத்தில் கிடக்கிறது. இப்படி எல்லையில் பிறந்த பிள்ளை என்றால், "நாலரை, நாலே முக்கால் இருக்கும்" என்று மாமியார் நினைவில் சொல்வதை எடுக்காமல் ஆஸ்பத்திரியில் குறித்த நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கம் கணிக்க வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு முறை உண்டு. எதைப் பார்ப்பது என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஞ்சாங்கங்களில் இரண்டு வகையும் உண்டு, கொழும்பு வீடுகளில் இரண்டும் புழங்குகின்றன. இரண்டுக்கும் நட்சத்திரம் முடிகிற நேரம் சில நாட்களில் மணிக்கணக்கில் வேறுபடும். எது சரி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எதைக் கொண்டு பிள்ளையின் சாதகக் குறிப்பை எழுதப் போகிறீர்களோ அதைக் கொண்டே பெயர் எழுத்தையும் எடுங்கள். எழுத்தை ஃபோன் செயலியில் பார்த்துவிட்டு, குறிப்பை வாக்கியத்தில் எழுதக் கொடுத்தால் குறிப்பில் ஒரு நட்சத்திரம், பெயரில் இன்னொன்று. கவனியுங்கள், இப்போதுள்ள செயலிகள் பெரும்பாலும் திருக்கணித முறைதான்.

டொரன்டோவில் பிறந்த பேத்தி

பிள்ளை பிறப்பது வெளிநாட்டில், எழுத்துப் பார்ப்பது கொழும்பில் உள்ள அம்மம்மா என்பது நம்மிடையே சர்வசாதாரணம். அவர் அங்கத்தைய நேரத்தைக் கேட்டு இங்கத்தைய பஞ்சாங்கத்தில் பார்த்துவிடுவார். டொரன்டோ கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னே, குளிர்காலத்தில் பத்தரை. ஜூலையில் அங்கே திங்கள் இரவு 9 மணி என்றால் இங்கே செவ்வாய் காலை 6.30. ஒரு பாதத்துக்கு மேல் தப்பிவிடும், நட்சத்திரமே மாறவும் கூடும். லண்டனுக்குக் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் பஞ்சாங்கத்தைத் திறக்கலாம்.

சென்னைக் கணக்கில் வரும் செயலியைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். இந்தியாவுக்கும் நமக்கும் இப்போது ஒரே நேரம், சந்திரன் நிற்கும் நட்சத்திரமும் அந்த நொடியில் உலகுக்கே ஒன்று. இடத்துக்கு இடம் மாறுவது லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி.

"இப்போது" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். பழைய நேரம் திரும்ப வந்தது 2006 ஏப்ரலில்தான். அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரே நட்சத்திரமா என்று பார்க்கிற வீடுகளில், அவர்களுடைய பழைய குறிப்பு எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று ஒருதரம் கேட்டுவிடுவது நல்லது.

பயந்து நட்சத்திரத்தை மாற்றுவது

"ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரு பழமொழி படுத்தும் பாடு கொஞ்சமல்ல. பெண்பிள்ளை மூலத்தில் பிறந்தால் பேசாமல் பூராடம் என்று சொல்லி, அந்த எழுத்திலேயே பெயரும் வைத்துவிடுகிறார்கள். இருபத்தைந்து வருடம் கழித்துக் கல்யாணப் பேச்சில் யாரோ பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்க்கும்போது குட்டு வெளிப்படும், அப்போது வரும் சந்தேகம் மூலத்தைவிடப் பெரிய தொல்லை. ஆயில்யம், கேட்டை, விசாகம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒவ்வொரு கதை. மனம் கேட்காவிட்டால் கோயிலில் ஒரு சாந்திப் பூசை செய்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

எழுத்தில் இவ்வளவு பிடிவாதம் வேண்டாம்

இந்த எழுத்து அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தது. தமிழில் ஒரே "க"வாக எழுதும் பல ஒலிகளுக்கு அதில் தனித்தனி இடம். அதனால்தான் "கி" மிருகசீரிடத்திலும் வருகிறது, அவிட்டத்திலும் வருகிறது. புத்தகத்துக்குப் புத்தகம் பட்டியலும் கொஞ்சம் மாறுகிறது. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு "ங", அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு "ண". இவற்றில் யார் பெயர் வைப்பது? இல்லாத பெயரை உருவாக்கிப் பிள்ளையின் தலையில் கட்டாமல், அதே நட்சத்திரத்தின் வேறு பாத எழுத்தை எடுக்கலாம். பல சாத்திரிமாரும் அதற்குச் சம்மதிப்பார்கள். திருவாதிரைக்குக் குமரன், குகன்; அஸ்தத்துக்குப் புவனா, புகழினி.

திண்டாட்டம் ஆயில்யத்தில்தான். டி, டு, டே, டோ என்று நான்குமே தமிழ்ச் சொல்லின் முதலில் வராத எழுத்து. டிலக்ஷன், டினுஷா வகைப் பெயர்கள் கைகொடுக்கும். அவை பிடிக்கவில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது: நட்சத்திரப் பெயர் ஒன்றைப் பெயர் வைக்கும் நாளில் பிள்ளையின் காதில் சொல்லிவிட்டு, பதிவுக்கு விருப்பமான பெயரைக் கொடுப்பது. நட்சத்திரப் பெயரைத் தனியாக வைப்பது பழைய வழக்கம்தான், புதுச் சலுகை ஒன்றுமில்லை.

எண்சாத்திரத்தையும் இதோடு கலப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நட்சத்திர எழுத்து வாயில் வரும் ஒலியைப் பார்ப்பது, எண் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்ப்பது. கூட்டுத்தொகை வரவேண்டும் என்று முதல் எழுத்தை இரட்டிப்பாக்கினால், பிள்ளை ஆயுள் முழுக்க ஒவ்வொரு கவுண்டரிலும் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கடைசியாகப் பதிவு. இலங்கையில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். 31ஆம் நாள் துடக்குக் கழித்த பிறகுதான் பெயர் என்று இருக்கும் வீடுகளுக்கு மிஞ்சுவது 11 நாள். ஆகவே எழுத்தையும் இரண்டு மூன்று பெயர்களையும் முதல் இரண்டு கிழமையிலேயே தீர்த்துவிடுங்கள், சடங்கை அதன் நாளில் செய்யலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுத வேண்டும் என்பதை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். யாழினியை ஆங்கிலத்தில் எல் போட்டும் எழுதலாம், இஸட் எச் போட்டும் எழுதலாம். எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் எழுதுகிறவர் தீர்மானிப்பார். சிங்களத்தில் பதிவதானால் "ழ"வுக்கு அங்கே எழுத்தே இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் முதல் எழுத்திலிருந்து வாசித்துப் பாருங்கள், தகப்பனின் பெயரையும் சேர்த்து.