செஃப் கிளஸ்டர்: ஒரு சர்வர் படுத்த நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோ ஒன்றின் ஸ்டோரேஜ் என் பொறுப்பு. கல்யாண மாதம் பாலக்காட்டுக்காரர்களுக்குச் சிங்கம், பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆவணி. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதம் என்பதால் ஃபுட்டேஜ் மொத்தமாக வந்து குவியும். அப்போது டிஸ்க் நிறைந்தால் பிழைப்பு நின்றுவிடும். செஃப் (Ceph) என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் மென்பொருள். அப்படிச் சேர்ந்த சர்வர் கூட்டம்தான் கிளஸ்டர். அதைப் போட நினைக்கிறவர்கள் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

சர்வருக்கு 16 டெராபைட் டிஸ்க் 6 வீதம் 4 சர்வர் என்று வையுங்கள். மொத்தம் 384. செஃப் வழக்கமாக மூன்று பிரதி வைக்கும்; ஆக 128. விற்கிறவர் இதோடு நிறுத்திவிடுவார். நீங்கள் நிறுத்தாதீர்கள். ஒரு சர்வர் படுத்தால் அதிலிருந்த பிரதிகளை மீதி மூன்றும் சுமக்கவேண்டும். 288-ஐ மூன்றால் வகுத்தால் 96. டிஸ்க் 85 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை, 95-இல் எழுதுவதே நிற்கும். 96-இல் 85 சதவீதம் சுமார் 81 டெராபைட். உங்களுக்குச் சொந்தமான இடம் அவ்வளவுதான். திரையில் அதுவும் 74 என்றுதான் தெரியும். செஃப் 1024-ஆல் வகுத்துக் காட்டும், பயப்படவேண்டாம்.

மூன்று சர்வரிலும் ஓடும்தான். ஆனால் ஒன்று போனால் மூன்றாவது பிரதிக்குப் போக்கிடமில்லை. நான்கிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். ஏரில் பூட்டும் மாடுகள் போலத்தான், ஒன்று மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை. 60 டெராபைட் சர்வர் நான்கு என்றால் மூன்று பிரதியில் 80 கிடைக்கும். அதே 240-ஐ 40, 40, 40, 120 என்று பிரித்தால் கிடைப்பது 60தான். ஒரு கோப்பின் இரண்டு பிரதி ஒரே சர்வரில் உட்காராது என்பதால் பெரியதில் பாதி சும்மா கிடக்கும். மலிவாக வருகிறதென்று ஒரு பெரிய பெட்டியை வாங்கிச் சேர்க்காதீர்கள்.

நெட்வொர்க்கும் இதோடு பொருந்தவேண்டும். டிஸ்க் ஒன்று நொடிக்கு 200 மெகாபைட் தரும் என்றால் ஆறுக்கு 1200. பத்து கிகாபிட் கேபிளின் உச்சம் 1250. சரியாக இருக்கிறது. அதே கேபிளில் 12 டிஸ்க் போட்டால் பாதி வேகம் வீண். மெமரி, டிஸ்க்குக்கு 4 ஜிபி வீதம் ஒதுக்கி அதற்கு மேல் தாராளமாக வையுங்கள்.

துலாமழையின் (ஐப்பசி மழை) இடி எங்கள் பக்கம் பொல்லாதது. இரண்டு சர்வரை ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டினால், அது போகும்போது சில கோப்புகளுக்கு ஒரே பிரதிதான் மிஞ்சும்; செஃப் அவற்றைத் தொடவிடாது. இரட்டை பவர் சப்ளை உள்ள சர்வராக வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு யுபிஎஸ்ஸிலும் மாட்டுங்கள். டிஸ்க்கைக் குறைத்தாவது இதைச் செய்யச் சொல்வேன்.

ஓட ஆரம்பித்த பிறகு 'செஃப் ஓஎஸ்டி டிஎஃப்' (ceph osd df) என்ற கட்டளையைக் கொடுத்து, ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், அதிகம் நிறைந்த டிஸ்க்கைப் பாருங்கள். அது நிறைந்தால் மற்றவற்றில் இடமிருந்தும் புண்ணியமில்லை. வித்தியாசம் அதிகமென்றால் முதலில் பிஜி (செஃப் டேட்டாவைப் பிரித்து வைக்கும் தொகுதிகள்) எண்ணிக்கையைச் சரிபாருங்கள். டிஸ்க்குக்கு 100 என்ற இலக்கில் 24 டிஸ்க்குக்கு 2400, மூன்று பிரதியால் வகுத்தால் 800 வரும். இரண்டின் அடுக்காக 1024 வையுங்கள். பிஜி குறைந்தால் ஒவ்வொன்றும் பெருத்துவிடும், சமமாகப் பங்கிட வராது. பிறகு டிஸ்க்குகளுக்குச் சமமாகப் பங்கிடும் பேலன்சரை அப்மேப் (upmap) முறையில் ஓடவிடுங்கள்.

புது சர்வர் சேர்க்கும்போது டேட்டா இடம் மாறுவதை நிறுத்திவைக்கும் 'நோரீபேலன்ஸ்' (norebalance) கொடியை ஏற்றி, எல்லா டிஸ்க்கையும் சேர்த்து முடித்து, எடிட்டர்கள் வீட்டுக்குப் போனபின் இறக்குங்கள். 60 டெராபைட் நகர, நொடிக்கு ஒரு கிகாபைட் கிடைத்தாலும் 17 மணி நேரம் ஆகும். அதனால் சனிக்கிழமை இரவுதான் நல்லது.

நான்கு சர்வரில் மொத்தப் பயன்பாடு 64 சதவீதம் தொட்டால் மேலே சொன்ன 81 தீர்ந்தது என்று அர்த்தம். பெட்டி வந்துசேர நாளாகும், 55-லேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.