ஆணுறை கிழிந்த பிறகு

ஆணுறை கிழிந்த மறுநாளே பரிசோதனைக்குப் போனேன். முதல் அவசரம் மாத்திரைக்குத்தான் என்றார் மருத்துவர். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அன்று எடுத்த ரத்தம், ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று பார்க்க மட்டும்.

கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகளுக்கு இரண்டு வாரம் கழித்துச் சிறுநீர் கொடுத்தேன். ஒரு மணி நேரமாவது அடக்கி வைத்து, முதலில் வருவதைத்தான் குப்பியில் பிடிக்க வேண்டும். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குப் பார்க்கிற மாதிரி நடுவில் பிடிக்கக் கூடாது. வாய்வழி உறவும் இருந்ததால் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விடச் சொல்லி நானே கேட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் தொண்டைத் தொற்று சிறுநீரில் தெரியாதே.

அப்புறம் எச்ஐவிக்கும், சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினைத் தொற்றுக்கும் 12 வாரம் கழித்து மறுபடி ரத்தம். அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு கூடாது என்றார்கள்.